நோவில்லாத நோய்க்குக் குளிசை எதற்கு?

"எனக்கு ஒரு நோவும் இல்லை. பிறகேன் குளிசை?"

வவுனியா மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதைத் தாண்டிய கமக்காரர் ஒருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடமாடும் கிளினிக்கில் அவருக்குச் சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்தது. ஆறு மாதம் ஒழுங்காகக் குளிசை எடுத்தார். பின்னர் நிறுத்திவிட்டார். கிளினிக்குக்குப் போனால் பஸ் காசும் செலவு, ஒரு நாட் கூலியும் இழப்பு. பல தடவை இடம்பெயர்ந்து, காடாய்க் கிடந்த வயலை மீண்டும் திருத்திய மனிதருக்கு அது சிறு தொகையன்று. எனவே அவரைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் அவரது கேள்விக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

1990களில் மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய போன்ற விவசாயப் பகுதிகளில் வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரர்களுக்கும் சிறுநீரகம் பழுதடைந்திருந்தது. எமது வவுனியாவும் பின்னர் அந்தப் பட்டியலிற் சேர்ந்தது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், பீடைகொல்லி, கட்மியம், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்றே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. 2015இல் கிளைபோசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டதும், பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

காரணம் முடிவாகும்வரை நோய் காத்திருக்காது. சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலையை இழக்கும்வரை உடம்பு ஒன்றும் சொல்லாது. கால் வீக்கம், களைப்பு, வாந்தி ஆகியவை பெரும்பாலும் பிந்தித்தான் வரும். நோய் முன்னதாகத் தெரிவது குருதியில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரிற் புரதத்தையும் பார்க்கும் பரிசோதனையிலேயே. ஆகவே 'நோவில்லை' என்பது 'நோயில்லை' என்பதற்குச் சான்றாகாது.

கிளினிக்கிற் கொடுக்கும் எனலாப்ரில் போன்ற குளிசைகள் அழிந்த பகுதியை மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருப்பது அழியும் வேகத்தைக் குறைப்பதே அவற்றின் வேலை. அந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனாற்றான் மக்கள் நிறுத்திவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில், நீரிழிவுக்கென வந்த மருந்துகள் சிலவும் சிறுநீரகத்தைக் காப்பதாகத் தெரியவந்துள்ளது. டபாகிளிஃபுளோசின் என்ற மருந்தை 4,304 நோயாளிகளிற் சோதித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. சிறுநீரகம் வெகுவாக மோசமடைதல், செயலிழத்தல், அதனால் அல்லது இருதய நோயால் இறத்தல் ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் 39 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. நீரிழிவு இல்லாதவர்களும் அதில் இருந்தனர். எனினும் அவ்வாய்வு எமது வயல்களின் நோயைக் குறித்துச் செய்யப்பட்டதன்று. ஆகவே யாரும் அதைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். கிளினிக் வைத்தியரிடம் கேட்கலாம்.

தாமாக வாங்கும் குளிசை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாரி நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை பழுதடைந்த சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. அந்தக் கமக்காரரின் வீட்டிலும் ஓர் அட்டை கிடந்தது.

அவருக்கு உயர்தரம் படிக்கும் மகள் ஒருத்தி உண்டு. அவளோடும் தோழியரோடும் பேசியபோது ஊசி பற்றிய கதை வந்தது. ஊசி என்றாற் காய்ச்சல் வரும் என்றாள் ஒருத்தி. அது சின்னப்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய விடயம் என்பதே மற்றவர்களின் எண்ணம். பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு என்பதை அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை.

ஆனால் சிறுநீரக நோயாளிக்கு ஹெப்படைற்றிஸ் பி தடுப்பூசி முக்கியமானது. நோய் முற்றி வாரத்தில் இரண்டு மூன்று தடவை இயந்திரத்தில் குருதியைச் சுத்திகரிக்க நேர்ந்தால், குருதி வழியே பரவும் இந்த ஈரல் நோய்க் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு. காய்ந்த குருதித் துளியிலும் அக்கிருமி ஏழு நாளாவது உயிரோடிருக்கும். நல்ல சுகமுள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த ஊசி பாதுகாப்புத் தருகிறது. சுத்திகரிப்புத் தொடங்கிய பின் போட்டால், இரட்டிப்பு அளவு கொடுத்தும் பலருக்கு அது போதியளவு வேலை செய்வதில்லை. ஆகவே நோய் முற்றுமுன், நோவில்லாத இந்தக் காலத்திலேயே போடவேண்டும்.

இலங்கையில் இந்த ஊசி குழந்தைகளுக்கு 2003 முதற் படிப்படியாகக் கொடுக்கப்படுகிறது. மகளுக்குக் கிடைத்தது, தந்தையின் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப அப்பாவுக்கு இன்னும் போடேல்லையா?" என்று கேட்டாள் பிள்ளை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் எழுந்துபோய், கூரை மரத்திற் செருகியிருந்த பொலித்தீன் பையை எடுத்து வந்து கிளினிக் கொப்பியைத் தேடினார். கொப்பி இருந்தது, ஓரம் கறையான் தின்றபடி. கொப்பி தொலைந்தவர்களும் தயங்கவேண்டியதில்லை; அருகிலுள்ள அரச வைத்தியசாலையிற் புதிதாகப் பதிந்து பரிசோதனையை மீண்டும் செய்யலாம்.

ஊசி எத்தனை, எப்போது என்பதைக் கிளினிக்தான் தீர்மானிக்கும். வழமையான முறை மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. புரட்டாதியில் தொடங்கினால் கடைசி ஊசி பங்குனியில், காலபோக வெட்டு முடியும் நேரத்தில் வரும். வேலை நெருக்கத்தில் மறக்காமலிருக்க, அந்தத் திகதிகளைத் தன் பள்ளிக் கொப்பியிலும் எழுதி வைப்பதாக மகள் சொன்னாள்.