ஐம்பதுக்கு மேல் ஒரு புதிய ஏடு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கிளியனூரிலிருந்து கடலை நோக்கி மரக்காணம் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். மழைநீர் தேங்கிச் சேறாகிப்போன உப்பளங்களில் ஆண்களும் பெண்களும் இறங்கி, கரைந்த வரப்புகளைத் திருத்துகின்றனர். பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்குகின்றனர். சென்ற ஆண்டு எத்தனை மூட்டை உப்பு விளைந்தது என்பது அந்தச் சேற்றுக்குத் தெரியாது. தலை நரைத்த தொழிலாளியும் முதலிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

இதே கடற்கரையில், வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அதை நிறுவிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் ஐம்பது வயதைத் தாண்டியபின் தம் பாத்தியைத் தாமே கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கியவர்தாம். அவரை எண்ணும்போதெல்லாம் நமக்கு இந்த உப்பளங்களே நினைவுக்கு வருகின்றன.

1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சில காலம் தந்தித் துறையில் வேலை பார்த்தார். பின்னர் அதை விட்டு, 1936-இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். நீரும் தென்னையும் வெயிலும் ததும்பும் நீர்வண்ண இயற்கைக் காட்சிகள் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தன. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். தாம் பயின்ற பள்ளிக்கே 1957-இல் முதல்வரானார். இயேசுவின் வாழ்வையும் மனித உருவங்களையும் அவர் தீட்டிய காலமும் உண்டு. அவ்வோவியங்களைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. பதவியும் புகழும் கைவந்த திறமையும் ஒருங்கே வாய்த்தபின், ஒருவர் இன்னும் எதைத் தேட வேண்டும்?

ஆனால் அவர் தேடினார். வெளிநாட்டு நவீன ஓவியத்தைக் கண்டு வந்தவருக்கு, இந்த மண்ணுக்கே உரிய நவீன ஓவியம் எது என்னும் கேள்வி ஓயவில்லை. 1963-ஆம் ஆண்டளவில், தம் 52-ஆம் வயதில், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டு என்பர். எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவகணிதக் கோடுகளும் நிறைந்த ஏட்டில், மற்றவர் பாடத்தைக் கண்டிருப்பர். அவர் ஓவியத்தைக் கண்டார். கல்லூரியின் முதல்வர் ஒரு மாணவனின் ஏட்டிலிருந்து கற்றுக்கொண்டார் என்பதே நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி.

அதன்பின் அவர் திரைகளில் ஜாதகக் கட்டங்களை ஒத்த சதுரங்களும், எண்களும், சிறு பறவைகளும், மீன்களும், மலையாள எழுத்தைப் போலத் தோன்றும் வரிகளும் இடம்பெற்றன. அவ்வரிகளை எவராலும் வாசிக்க இயலாது. வாசிப்பதற்காக அவை எழுதப்படவும் இல்லை. “பொருள் இல்லாததை ஏன் பார்க்க வேண்டும்?” என்று வாசகர் கேட்கலாம். பழைய ஆலயங்களின் கல்லறைக் கற்களில் இலத்தீன் எழுத்துகளைக் கண்டிருக்கிறோம். நம் பாட்டிமாருக்கு இலத்தீன் தெரியாது. எனினும் அக்கல்லின் முன் அவர்கள் அமைதியாக நின்றார்கள். அந்த வரிகளின் ஒழுங்கும் பழமையும் அவர்களோடு பேசின. பணிக்கரின் ஓவியத்தையும் அவ்வாறே அணுகலாம்.

அவர் தம் ஓவியத்தை மட்டும் புதுப்பித்தார் அல்லர். கலை பயின்று வெளியேறும் மாணவர், பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடும் அவலத்தை அவர் கண்டார். கலைஞர்கள் கூடி பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு மணற்பாங்கான நிலத்தை வாங்கினர். இவ்வாறு 1966-இல் சோழமண்டலம் பிறந்தது. கைத்தொழில் சோறு போட, கலை யாருக்கும் அடிமையாகாமல் வாழட்டும் என்பதே ஏற்பாடு. மறு ஆண்டு அவர் பணி ஓய்வு பெற்றார். ஓவியத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. 1977-இல் காலமாகும் வரை அந்தக் குறியீட்டு வரிசையே அவர் உழைப்பாக இருந்தது. அவருடைய ஓவியங்கள் பலவற்றைத் திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் அமைந்த கூடத்தில் காணலாம். சோழமண்டலத்திலும் 2009 முதல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

நம் வீடுகளில் ஓய்வு பெற்ற தந்தை ஆர்மோனியம் கற்கத் தொடங்கினால், பேரப்பிள்ளைகளை வளர்த்து முடித்த தாய் எழுதப் படிக்க விரும்பினால், “இந்த வயதில் இது எதற்கு?” என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கேட்பவர் மறந்துவிடுவார், கேட்கப்பட்டவர் பெட்டியை மூடி வைத்துவிடுவார். நன்கு தெரிந்ததைச் செய்துகொண்டே முதுமையைக் கழிப்பதில் குற்றமில்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தொடங்கத் துணிபவருக்கு, குடும்பத்தார் ஒரு மூலையும் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தந்தால் போதும்.

அடுத்த மழை ஓயும்போது மரக்காணத்தில் மீண்டும் பாத்தி மிதிப்பார்கள். அவர்களிடம் யாரும் வயதைக் கேட்பதில்லை.