அடுப்புக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கா?

திருத்தணி முருகன் மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று என்பார்கள். கிருத்திகை வந்தால் வீட்டுக் குத்துவிளக்கும் பளபளக்க வேண்டாமா? தாய்மார்கள் புளியும் சாம்பலும் எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

புளியின் புளிப்பு பித்தளைக் களிம்பை நீக்குகிறது. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது.

இன்று பல வீடுகளில் ரொட்டி சுடும் மின்சார அடுப்பு இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவிலும் இதே பிசுக்குதான். சூட்டிலும் காற்றிலும் எண்ணெய் இறுகி, அரக்குப் போல ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீருக்கு அது அசையாது.

சாம்பல் கூடாது!

சாம்பலில் மணல் கலந்திருக்கும், கண்ணாடி கீறும். கீறல் விழுந்த கண்ணாடி பலம் இழக்கும். ஒருநாள் சூட்டில் உடைந்து சிதறலாம். அருகில் குழந்தை நின்றால் என்ன ஆகும்? கத்தியால் சுரண்டுவதும் வேண்டாம்.

செய்யும் முறை

முதலில் மின்சாரச் செருகியைப் பிடுங்குங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும். சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

மூன்று கரண்டி சமையல் சோடாவைச் சிறிது நீர் விட்டுக் குழையுங்கள். கண்ணாடியில் மட்டும் பூசுங்கள்; சூடேற்றும் கம்பியில் படக்கூடாது. அரை மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். சோடாவின் வெண்மை தங்கினால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரால் துடைக்கலாம்.

பழைய பிசுக்கானால் இரவு முழுதும் ஊறட்டும். ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும்.

வாரம் ஒருமுறை துடைத்து வந்தால் பிசுக்கு இறுக வழியே இல்லை!