கல்லினுள் ஓடும் வெண்ணரம்பு

ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு வரும் வழியில், வீதிக்காக மலையை வெட்டிய இடங்களில், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாய் அமைந்த பாறையை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். நைஸ் என்பது அதன் பெயர். அதனூடே சிற்சில இடங்களில் பால்வெள்ளை நரம்பொன்று ஓடும். இவ்வெண்மை வெளியிலிருந்து புகுந்ததா, கல்லினுள்ளேயே பிறந்ததா?

மலைநாட்டுக் கற்கள், ஏறக்குறைய 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதிய காலத்தில், 20 கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்தில் வெந்து உருமாறியவை. அங்கு வெப்பம் 700 பாகை செல்சியசையும் கடந்தது. ஆயினும் கல் முழுவதும் உருகிவிடவில்லை. குளிர்காலையில் உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைத்தால், ஒரு பகுதி தெளிந்து ஓரத்தில் ஊறும். மற்றது கட்டியாகவே நிற்கும். அதுபோலவே, குவாட்ஸ், பெல்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமங்கள் முதலில் இளகின. இரும்பு மிகுந்த கருங்கனிமங்கள் பின்தங்கின. இளகியது கசிந்து, அழுத்தம் தளர்ந்த வெடிப்பிலும் மடிப்பின் முடுக்கிலும் திரண்டு உறைந்தது. உருகாமலும் இது நிகழ்வதுண்டு: நெருக்குண்ட முகத்தில் குவாட்ஸ் சிறிதளவு நீரிற் கரைந்து, நெருக்கம் தளர்ந்த இடத்தில் மீண்டும் படியும்.

இனி, நரம்பின் இரு கரைகளையும் நோக்குங்கள். கறுப்பு மைக்காவும் செந்நிறக் கார்னெட்டும் செறிந்து, மையிட்டாற்போல் ஒரு கரை தெரிகின்றதா? அவ்வாறாயின் அவ்வெண்மை பக்கத்துக் கல்லிலிருந்தே பிரிந்தது. வெள்ளையைக் கொடுத்த கல்லிடம் கறுப்பு எஞ்சிவிட்டது. கருங்கரை இன்றிப் பட்டைகளைக் குறுக்கே அறுத்து ஓடும் நரம்போ, பெரும்பாலும் பின்னர் வெடிப்பினுள் வந்து புகுந்தது. ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம், உள்ளே பிரிந்த உருகலும் சில வேளைகளில் பிறந்த இடம்விட்டு அகன்று ஓடும் என்பதே. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்துக் காரீயமும் இவ்வாறு வெடிப்பை நிறைத்த நரம்புதான். கரியைத் தாங்கிவந்த பாய்மங்கள் அதனைச் சுவரிற் படியவிட்டன.

நடராச வடிவத்தின் பொருளை மேனாட்டார்க்கு உரைத்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் இக்கற்களைப் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளர். கலை மட்டும் படித்த என்போன்றோர் கல்லைப் பற்றிப் பேசத் துணிவதற்கு அவரே துணை.

தோட்டத்து மக்களுக்கு இதில் ஒரு காரியம் உண்டு. மைக்கா செறிந்த கருங்கரை எளிதில் உக்கிக் களியாகும். வெண்ணரம்பிலுள்ள குவாட்ஸ் எளிதில் உக்காது, ஆனால் நரம்பு வெடித்து நீருக்கு வழிவிடும். லயத்தின் பின்புற வெட்டில் பட்டைகள் மலைக்குள் சாய்கின்றனவா, வீட்டை நோக்கிச் சாய்கின்றனவா என்று பாருங்கள். வீட்டை நோக்கிச் சாய்ந்த வெட்டில் ஆபத்து மிகுதி. எவ்வெட்டிலாயினும், அடைமழையின்போது புதிய ஊற்றுத் தோன்றினாலோ, வந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, மேலே நிலம் பிளந்தாலோ, அன்றிரவு அவ்வீட்டில் தங்கலாகாது. கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் உடனே அறிவித்தல் வேண்டும்.