டீசலுக்கு வேண்டாத கந்தகம், சோயாவுக்கு வேண்டும்

தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரிகளில் போகிற டீசலில், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வாகனப் புகை விதி அது. 2000-இல் நாடெங்கும் இருந்த உச்சவரம்பு 2,500 மில்லிகிராம். அன்று ஒரு டன் டீசலை எரித்தால் இரண்டரைக் கிலோ கந்தகம் வரை காற்றில் கலக்கும். இன்று மணலி சுத்திகரிப்பு ஆலை ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரித்து, மஞ்சள் திடப்பொருளாகவே எடுத்துவிடுகிறது. வட சென்னையில் மூச்சுவிடுகிறவர்களுக்கு இது பெரிய நன்மை. ஆனால் ஒரு டன் சோயா விதை களத்துக்கு வரும்போது ஏறக்குறைய 3 கிலோ கந்தகம் நிலத்தைவிட்டுப் போகிறது. அதை நாம் திட்டமிட்டுத் திருப்பித் தந்ததே இல்லை. காற்றிலிருந்தும் உரத்திலிருந்தும் தற்செயலாகக் கிடைத்துவந்தது; அந்தத் தற்செயல் இப்போது அருகிவிட்டது.

காற்றைவிட உர மூட்டைக்கே இதில் பங்கு அதிகம். 1906-இல் ராணிப்பேட்டையில் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. அந்த உரத்தில் மணிச்சத்து 16 விழுக்காடு, கந்தகம் சுமார் 11. அம்மோனியம் சல்பேட்டில் கந்தகம் ஏறக்குறைய 24. விவசாயி மணிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் காசு கொடுத்தார். கந்தகம் கூடவே வந்தது. பிறகு யூரியாவும் டிஏபியும் வந்தன. சத்துச் செறிவு கூடியது, ஆனால் இரண்டிலும் கந்தகம் இல்லை. இன்று இந்திய மண்ணில் ஏறக்குறைய 40 விழுக்காடு கந்தகப் பற்றாக்குறை கொண்டது என்கின்றன மண் ஆய்வுகள். எண்ணூர் உர ஆலையில் தயாராகும் 20-20-0-13 மூட்டையில் கடைசி எண் கந்தகத்தைக் குறிக்கிறது. பலரும் பார்க்காமல் விடுவது அந்த எண்ணைத்தான்.

சோயாவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? புரதத்துக்காகவே வளர்க்கப்படும் பயிர் அது. புரதத்தின் அமினோ அமிலங்களில் மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டிலும் கந்தகம் உண்டு. வேர்முடிச்சில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத்தரும் நொதியும் இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கொண்டே இயங்குகிறது. எனவே கந்தகம் குறைந்தால் தழைச்சத்தும் குறையும். தழைச்சத்துக் குறையில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகக் குறையில் இளந்தளிர்கள். செடி சமாளிக்கத்தான் பார்க்கும்: கந்தகம் குறைந்த வகைப் புரதத்தை விதையில் கூடுதலாகச் சேர்த்துவைக்கும். விளைச்சல் அதிகம் குறையாவிட்டாலும் தரம் இறங்கும். நாமக்கல் கோழிப்பண்ணைகள் சோயாப் பிண்ணாக்கோடு மெத்தியோனினைத் தனியே வாங்கிச் சேர்ப்பதற்குக் காரணம் சோயாவில் இயல்பாகவே அது குறைவு என்பது. நாமே அதை மேலும் குறைக்க வேண்டாம்.

மரபணு மாற்றிய சோயாவுக்குக் கணக்கு வேறு என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியாவில் அதைப் பயிரிட அனுமதி இல்லை. 2021-இல் 12 லட்சம் டன் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மட்டும் அரசு அனுமதித்தது. இருந்தாலும் கேள்வி நியாயமானது. 1996 முதல் அமெரிக்காவில் விளையும் கிளைபோசேட் தாங்கும் சோயாவில் மாற்றப்பட்ட நொதி, மூன்று அமினோ அமிலங்கள் உருவாகும் பாதையில் உள்ளது. அந்த மூன்றிலும் கந்தகமே கிடையாது. கிளைபோசேட் மாங்கனீஸ் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் என்ற கவலையும் இங்கே பொருந்தாது. கந்தகம் வேருக்குள் நுழைவது எதிர்மின்னூட்டம் கொண்ட சல்பேட்டாக. ஆகவே கந்தகத் தேவையைத் தீர்மானிப்பது விளைச்சலும் புரத அளவும்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்து மெத்தியோனின் மிகுந்த சோயாவை உருவாக்கினார்கள். ஒவ்வாமை தரும் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். அது வயலுக்கு வந்திருந்தாலும், அந்தக் கூடுதல் கந்தகத்தை மரபணு எங்கிருந்தும் கொண்டுவந்திருக்காது. மண்தான் தந்தாக வேண்டும்.

புகைபோக்கியை அடைக்காமல் விட்டிருந்தால் பயிருக்கு இலவச உரமாகியிருக்குமே என்ற வாதத்தை ஏற்க முடியாது. கந்தகப் புகையைக் குறைத்த பிறகு ஐரோப்பாவில் கடுகினப் பயிர்களில் பற்றாக்குறை தெரிந்தது உண்மை. அதற்காக அவர்கள் புகைக்குத் திரும்பவில்லை, உரத்தில் சேர்த்தார்கள். உரத் தொழிலுக்கும் ஒரு விலை உண்டு என்பது 2023 டிசம்பரில் அங்குள்ள உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத்திணறிய எண்ணூர் மீனவக் குப்பங்களுக்குத் தெரியும். அத்தகைய கசிவிலிருந்து பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது அவர்கள் உரிமை. கந்தகம் இட்டால் செலவு கூடும் என்ற தயக்கத்துக்கோ எளிய விடை இருக்கிறது. இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனம் ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்தும் 20 கிலோ கந்தகமும் பரிந்துரைக்கிறது. அந்த மணிச்சத்தை டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட்டாக இட்டால் 375 கிலோ பிடிக்கும். அதிலேயே 40 கிலோவுக்கு மேல் கந்தகம் வந்துவிடும். கந்தகத்துக்கென்று தனி மூட்டை வாங்க வேண்டியதில்லை.