திரையில் எங்கட பேச்சு: ‘ஓம்’ சொன்னால் மட்டும் போதுமா?

2025 மே 1 ஆம் திகதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, அண்மைக் காலத்தில் எமது மக்கள் அதிகம் கதைத்த தமிழ்ப் படங்களில் ஒன்று. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதற்படம் இது. பொருளாதார நெருக்கடி தாங்காமல் வல்வெட்டித்துறையை விட்டுப் படகேறும் ஒரு குடும்பம் இராமேஸ்வரத்தில் கரையிறங்கி, பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில் தம்மை மறைத்து வாழ்கிறது. தகப்பன் தர்மதாஸாக சசிகுமாரும், தாய் வாசந்தியாக சிம்ரனும், பிள்ளைகளாக மிதுன் ஜெய்சங்கரும் கமலேஷும் நடித்திருந்தார்கள்.

படத்தைப் பார்த்த எம்மவர்களிடம் இரண்டு விதமான கருத்துகள் இருந்தன. “கண் கலங்கிப் போச்சு, எங்களை மனிசராய்க் காட்டியிருக்கினம்” என்றார்கள் சிலர். “படம் நல்லது, ஆனால் அது எங்கட கதை இல்லை” என்றார்கள் வேறு சிலர். இங்கே ‘கதை’ என்பது பேச்சு. இரண்டு கருத்திலும் உண்மை இருக்கிறது. ஒரு நடிகரின் பேச்சு பிசகும்போது எமக்கு ஏன் அவ்வளவு உறுத்துகிறது, பிசகினாலும் சில நடிப்பு ஏன் மனதில் நிற்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

எங்கே பிசகுகிறது?

தமிழகத் திரைப்படங்களில் ‘இலங்கைத் தமிழ்’ என்று வருவது பெரும்பாலும் சில அடையாளச் சொற்கள்தான். ‘ஓம்’, ‘எண்டு’, ‘வடிவு’, ‘கதைக்கிறது’ ஆகியவை கட்டாயம் வரும். சொற்களை மனப்பாடம் செய்யலாம். கடினமானது அவற்றுக்கு அடியில் இருக்கும் இலக்கணம்.

“நான் நேற்றுப் போனனான்”, “அவை வந்தவை”, “நீங்கள் எங்கை போறியள்” என்று வினைச்சொல் முடிகிற விதம் யாழ்ப்பாணப் பேச்சுக்கே உரியது. அதேபோல, கேட்பவருக்குக் கிட்ட இருப்பதைச் சுட்ட ‘உது’, ‘உங்கை’, ‘உவன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். தமிழகத்தின் அன்றாடப் பேச்சில் இந்த உகரச் சுட்டு வழக்கொழிந்து விட்டது. நடிகர் ஒருவர் ‘ஓம்’ என்று தொடங்கி, அதே வசனத்தை ‘போயிட்டு வரேன்’ என்று முடித்தால் எமது காது உடனே பிடித்துவிடும். எமது வீடுகளில் அது ‘போட்டு வாறன்’.

இதற்குப் படத்தயாரிப்பு முறையும் ஒரு காரணம். நடிகர் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவரல்லர். எழுதிக் கொடுத்த வசனத்தை வசனமாகவே பழகுகிறார். அமைதியான காட்சியில் அது சரியாக வரும். கோபம், அழுகை, சண்டை என்று வரும்போது மனிதர் தம் சொந்தப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார். டப்பிங்கில் குரலை ஓரளவு திருத்தலாம். உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. தமிழகப் பார்வையாளருக்கு விளங்க வேண்டும் என்ற வணிகக் கணக்கும் உண்டு. ‘பேந்து’ போன்ற சொல் அந்தக் கணக்கில்தான் வெட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈழத்தமிழ் என்று ஒரே பேச்சு இல்லை. ‘மறுகா’ என்று சொல்லும் மட்டக்களப்பாரின் பேச்சு வேறு. மன்னார், வன்னி, மலையகம், முஸ்லிம் மக்களின் பேச்சு ஒவ்வொன்றும் வேறு. திரையில் யாழ்ப்பாணம் மட்டுமே ஈழமாகக் கேட்கிறது.

பேச்சு ஏன் உயிர்ப் பிரச்சினை?

மதுரைப் பேச்சையோ கோவைப் பேச்சையோ ஒரு நடிகர் பிசகாகப் பேசினால் அந்த ஊர்க்காரர் சிரித்துவிட்டுப் போகலாம். எம்மால் அப்படி முடிவதில்லை. எமக்கு நாக்கு ஓர் அடையாள அட்டையாக இருந்திருக்கிறது. 1983 யூலையில் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்ததை அனுபவித்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். சோதனைச் சாவடிகளில் வாயைத் திறக்கத் தயங்கியவர்கள் எத்தனையோ பேர். 1991 இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் தமிழகத்தில், தமிழ் பேசும் மண்ணிலேயே, வாடகை வீடு கேட்கப் போகும்போது பேச்சை மாற்றிக்கொண்ட அகதிக் குடும்பங்களும் உண்டு.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின் கதை இந்த அச்சத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. வாயைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் பொலிஸ் வரும். ஆகவே பேச்சுவழக்கு இங்கே வெறும் அலங்காரமல்ல, கதையின் ஆணிவேர். தர்மதாஸ் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் ஒவ்வொரு முறையும் பார்ப்பவருக்கு நெஞ்சு பதற வேண்டும். அவருடைய பேச்சு ஏற்கனவே பாதி தமிழகப் பேச்சாக இருந்தால் அந்தப் பதற்றம் குறைந்துவிடும். “எங்கட கதை இல்லை” என்று சொன்னவர்களின் முறைப்பாட்டை ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். பேச்சு நழுவும் இடத்தில் நாடகமும் நழுவுகிறது.

சசிகுமாரும் சிம்ரனும்

அப்படியிருந்தும் சசிகுமாரின் தர்மதாஸ் எம்மைத் தொடுகிறார். ‘சுப்பிரமணியபுரம்’ (2008) முதல் தென் தமிழக முரட்டு மனிதர்களாகவே பழகிய முகம் அது. இங்கே அவர் குரலைத் தாழ்த்தி, எவரையும் கும்பிட்டு, எந்த வேலையையும் ஏற்கும் ஒருவராக நிற்கிறார். அந்நிய நாட்டில் நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு கவசம் இல்லாத தகப்பன் அவர். புலம்பெயர்ந்த முதல் ஆண்டுகளில் எம்மவர் பலர் முகத்தில் சுமந்த மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு அவரிடம் இருக்கிறது. பேச்சில் விட்டதை உடம்பில் பிடித்தார் எனலாம்.

சிம்ரனின் பாத்திரத்துக்கு வேறொரு பின்னணி உண்டு. 2002 இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அவர் இந்திரா. ஈழத்துத் தாய் பெற்ற பிள்ளையை வளர்த்து, அந்தத் தாயைத் தேடி இலங்கைக்கு வரும் தமிழகப் பெண். 23 ஆண்டுகளுக்குப் பிறகு அவரே கடலின் மறுபக்கத்துத் தாயாக வருகிறார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத நடிகை என்பதால் பேச்சில் அவருக்குச் சுமை அதிகம். குறைவான வசனங்களும் பார்வையும் அவரைக் காப்பாற்றுகின்றன. பிள்ளைகளின் வாயிலிருந்து சொல் தவறிவிடுமோ என்று ஒரு கண்ணை எப்போதும் அவர்கள் மேல் வைத்திருக்கும் தாயை எமக்குத் தெரியும். இளைய மகனாக வரும் கமலேஷ் சிரிக்க வைக்கிறார். பயத்தோடு வாழும் வீடுகளிலும் பிள்ளைகள் குழப்படி செய்வார்கள் என்பது நாம் அறிந்ததே.

பேச்சு சரி, மனிதர் எங்கே?

மறுபக்கமும் இருக்கிறது. 2000 இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் யாழ்ப்பாணப் பேச்சை உழைத்துப் பழகியிருந்தார். தமிழகம் முழுவதும் அந்தப் பேச்சைக் கேட்டது அந்தப் படத்தில்தான். ஆனால் எதைக் கண்டாலும் பயப்படும் அந்த மனிதரின் பயம் நகைச்சுவையாகவே பெரும்பாலும் பயன்பட்டது. பயத்தின் பின்னால் இருந்த போர் சிரிப்புக்குள் அடங்கிப்போனது. பேச்சு சரியாக வந்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு அது ஒரு சான்று.

2021 இல் வெளியான ‘த ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகத்தில் சமந்தா போராளிப் பெண்ணாக நடித்தார். நடிப்புக்குப் பாராட்டுக் கிடைத்தது. தோலைக் கறுப்பாக்கிய ஒப்பனையும், எமது போராட்டத்தைக் காட்டிய விதமும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. தொடரைத் தடை செய்யுமாறு தமிழக அரசே மத்திய அரசைக் கேட்டது. 2020 இல் தீபா மேத்தா இயக்கிய ‘ஃபன்னி போய்’, 1983 வன்முறையைப் பற்றிய படம். முக்கிய தமிழ்ப் பாத்திரங்கள் தமிழரல்லாதவர்களுக்குப் போனதும், தமிழ் உச்சரிப்பு விளங்காமல் இருந்ததும் கனடாவில் வாழும் தமிழரிடையே கண்டனத்தை எழுப்பின. மொழிக்காக அடி வாங்கிய மக்களின் கதையில் அந்த மொழியே அரைகுறையாக ஒலித்தால் வலிக்கத்தான் செய்யும்.

பேசாமல் நடித்தவர்கள்

எமது கதைகளில் நீண்ட நாள் நிற்கும் நடிப்பைத் தேடிப் பார்த்தால், அது பெரும்பாலும் வாய் மூடிய இடங்களில்தான் இருக்கிறது. 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தில் எழுத்தாளர் ஷோபாசக்தி முன்னாள் போராளியாக நடித்தார். இளவயதில் தாமே இயக்கத்தில் இருந்தவர் அவர். அந்தப் பேச்சை அவருக்கு எவரும் பழக்க வேண்டியிருக்கவில்லை. மனைவியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னைக்காரர். இருவர் பேச்சும் ஒரே ஊரிலிருந்து வந்ததாக எமது காதுக்குக் கேட்பதில்லை. ஆனால் கதையில் அவர்கள் கணவனும் மனைவியும் இல்லை. இறந்தவர்களின் கடவுச்சீட்டில் பிரான்சுக்குப் போகும் பொய்க் குடும்பம். ஆகவே அந்த வேறுபாடுகூடக் கதைக்குப் பொருந்திவிடுகிறது.

அசோக்க ஹந்தகம 2012 இல் இயக்கிய ‘இனி அவன்’ படத்தில், புனர்வாழ்வு முடிந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் முன்னாள் போராளியாக தர்ஷன் தர்மராஜ் நடித்தார். ஊர் அவரைப் பார்க்கும் பார்வைக்கு அவர் வாயால் பதில் சொல்வதில்லை. நடையிலும் தோளிலும் சொல்கிறார். 2022 இல் அவர் இளவயதில் காலமானது எமது சினிமாவுக்குப் பெரிய இழப்பு. விசாகேச சந்திரசேகரம் இயக்கி, 2023 இல் ரொட்டர்டாம் விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்ற ‘மணல்’ படமும் இவ்வகையே. பிணையில் வந்து, காணாமல் போன காதலியைத் தேடும் இளைஞனாக சிவகுமார் லிங்கேஸ்வரன் நடித்தார். தேடுபவருக்குப் பேச அதிகம் இருப்பதில்லை என்பதைத் தேடிக்கொண்டே வாழும் எமது தாய்மாரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

திரைக்கு வெளியே

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் அயலவரின் அன்பு அந்தக் குடும்பத்தைக் காக்கிறது. பார்த்துவிட்டு மனம் நிறைந்து எழும்பலாம். ஆனால் நிஜத்தில், 2022 மார்ச் முதல் நெருக்கடியால் தனுஷ்கோடி மணற்திட்டுகளில் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். 2021 இல் அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாத இளையோர் பலர். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து போனவர்களைச் சேர்க்கவில்லை. அயலவரின் அன்புக்கு அந்தக் கதவைத் திறக்கும் பலம் இல்லை.

அந்தப் படம் பொய் என்று இதற்குப் பொருளல்ல. ஒரு தமிழகப் பார்வையாளர் எமது பேச்சைக் கேட்டதும் சந்தேகப்படாமல், தர்மதாஸை நினைத்துச் சிரித்தால் அதுவே ஒரு மாற்றம். அதற்காக அந்த நடிகர்களைப் பாராட்டுவோம். அதே வேளை, அடுத்த படம் எடுப்பவரிடம் ஒன்றைக் கேட்க எமக்கு உரிமை உண்டு. தமிழகத்து முகாம்களில் அந்தப் பேச்சோடு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மேடை நாடகம் ஆடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நடிகருக்குப் பேச்சுப் பழக்க அவர்களில் ஒருவரைக் கூப்பிடலாம். இன்னும் நல்லது, நடிக்கவே கூப்பிடலாம்.