பாட்டு வருது... பாடகரைக் காணோம்!

பாகூரில் மாமா வீட்டு வளைகாப்பு. மாமா மகளுக்கு ஏழாம் மாசம். ஒரு காலத்தில் எனக்கு முறைப்பெண். இப்போது வில்லியனூர் மருமகள். அந்தச் சோகத்தை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஸ்பீக்கர் சோகம்!

எங்கள் ஆயா போன மார்கழியில் தவறிப் போனார். பேத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தாலாட்டுப் பாடினார். மாமா அதைச் செல்போனில் பதிந்து வைத்திருந்தார். வளையல் அடுக்கி முடிந்ததும் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதலில் ப்ளூடூத். யாரோ ஒரு விருந்தாளியின் போன் நடுவில் புகுந்து, "ஃபைனான்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறோம் சார்" என்று சபைக்கே அறிவித்துவிட்டது. சரி, ஒயர்தான் கௌரவம் என்று இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஆக்ஸ் ஒயரைச் செருகினார் மாமா.

சோதனைக்கு ஒரு சினிமாப் பாட்டு. வயலின் வருது, தபேலா வருது... பாடகர் மட்டும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி எங்கோ முனகுகிறார்! அடுத்து ஆயா. சுத்தம்! ஒரு சத்தமும் இல்லை.

ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பம். ஒருத்தர் ஸ்பீக்கரைத் தட்டினார். ஒருத்தர் ஊதினார். தெரிந்த தம்பி ஒருத்தன் சொன்னான்: "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு மாமா. டெலிட் பண்ணிடுங்க, வாட்ஸ்அப்ல எடுத்துக்கலாம்."

ஆயா பாட்டை மாமா யாருக்குமே அனுப்பியதில்லை! இருப்பதே அது ஒன்றுதான். மாமாவின் கட்டை விரல் டெலிட்டுக்கு மேலே நிற்கிறது.

"மாமா, இருங்க! ஒயரைக் கழட்டிட்டு வெறும் போன்ல போடுங்க."

போட்டார். ஆயா பாடினார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக, ஃபைல் நிரபராதி! அதே ஒயரில் வேறொரு போனைச் செருகினோம். அதிலும் பாடகரைக் காணோம். போனும் நிரபராதி. மிச்சம் ஒயரும் ஸ்பீக்கரும். பக்கத்து வீட்டிலிருந்து வேறு ஒயர் வந்தது. கணீரென்று வந்தார் ஆயா!

குற்றவாளி பழைய ஒயர். ஆனால் இசையை விட்டுவிட்டு ஆளை மட்டும் எப்படித் தின்றது?

பிளக்கை உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம். அவை பிரிக்கும் மூன்று உலோகத் துண்டு. நுனி இடது பக்க ஒலிக்கு. நடு, வலது பக்கத்துக்கு. அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி, எர்த் என்பார்கள். அந்தப் பொது வழி அறுந்தால், இடதும் வலதும் ஒன்றின் வழியாக ஒன்று திரும்பப் பார்க்கும். கதவை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சம பலத்தில் தள்ளினால் கதவு அசையுமா? அதே கதைதான். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவார்கள். அது அடிபட்டுப் போகும். ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும் வாத்தியங்கள் மட்டும் தப்பித்து வரும். செல்போனில் பதிந்த ஆயா குரலோ இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்று. அதனால்தான் மொத்தமும் காலி!

ஒயர் அறுந்தது பிளக்கின் கழுத்தில். வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி, தினமும் ஒயரைப் பிடித்தே இழுத்திருக்கிறார் மாமா!

உங்கள் வீட்டிலும் இப்படி மக்கர் பண்ணினால், கடைக்கு ஓடுமுன் இதைப் பாருங்கள்:

* ஸ்பீக்கர் ப்ளூடூத்திலேயே நிற்கிறதா? பட்டனை அழுத்தி ஆக்ஸுக்கு மாற்றுங்கள்.

* பிளக் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? தடிமனான போன் கவர் தடுக்கும். பை தூசியும் ஓட்டையில் அடையும். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்!

* 'ஙொய்ங்' என்று இரைச்சலா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் ஒயர் மேல் பழி போடாதீர்கள்.

* போனில் ஆக்ஸ் ஓட்டையே இல்லையா? 2016-ல் ஐபோன் 7 அதை அடைத்ததிலிருந்து பல கம்பெனிகளும் அடைத்துவிட்டன. டைப்-சி இணைப்பான் வாங்கும்போது உங்கள் போனிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். ஒரு போனுக்கு வேலை செய்வது இன்னொன்றுக்குச் செய்யாமல் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால், நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி, தப்பு யாருடையது என்று கடைசி வரை தெரியாது!

அன்றைக்குச் சாயங்காலம் ஆயா தாலாட்டை முதல் வேலையாகப் பதினோரு போனுக்கு ஏற்றினோம். வில்லியனூர்க்காரர்கள் கிளம்பும்போது அதையே இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். பாட்டு முடிந்தது. மாமா ஒயரை இழுக்கக் கை நீட்டினார்.

பதினொரு பேரும் ஒரே குரலில் கத்தினோம்:

"பிளக்கைப் பிடிங்க!"