கீழே வெயில், மேலே மழை: ஜெராய் மலையில் ஓர் இரவு

மாணவர்களே, கோத்தா கோலா மூடா கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறதே, அதுதான் ஜெராய் மலை. அதன் உயரம் 1,217 மீட்டர். கடல் கடந்து கடாரத்துக்கு வந்த பழங்கால வணிகர்களுக்கு இந்த மலைதான் கரையைக் காட்டும் அடையாளம். பள்ளி விடுமுறையில் அங்கே ஓர் இரவு தங்கி மலையேற உங்களில் சிலர் திட்டமிடலாம். அதற்கு முன் மலையில் நடக்கும் அறிவியலைத் தெரிந்துகொள்ளுங்கள். அது உயிரையும் காக்கும்.

இரவில் ஏன் இவ்வளவு குளிர்?

மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டர் உயரத்துக்கு 6.5 பாகை செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 25 பாகை என்றால், உச்சியில் ஏறக்குறைய 17 பாகைதான். வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தால் குளிர் இன்னும் கடுமையாகும். ஈரம் ஆவியாகும்போது உங்கள் உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, உலர்ந்த மாற்று உடை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

உச்சியில் மட்டும் மழை

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. அதனால் கடலிலிருந்து ஈரக்காற்று கரையை நோக்கி வீசுகிறது. மலைச்சரிவில் மோதும் அக்காற்று மேலே எழும்பிக் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி சிறு துளிகளாகி மேகமாகிறது. யான் பட்டணத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டுவது இதனால்தான்.

இங்குதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த மழைநீர் முழுவதும் செங்குத்தான, குறுகலான ஓடைகளில் இறங்கியாக வேண்டும். மண்சரிவில் விழுந்த மரங்களும் பாறைகளும் ஓடையை அடைத்தால், நீர் பின்னால் தேங்கும். அடைப்பு உடைந்ததும் ஒரேயடியாகப் பாயும். இதை மலாயில் 'கெப்பாலா ஆயிர்' என்கிறோம். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த கனமழையால், சேறும் மரங்களுமாக வெள்ளம் இறங்கி யான், மெர்போக் வட்டாரங்களைத் தாக்கியது. உயிர்களும் பலியாயின.

ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். நீரின் வேகம் இரு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நீச்சல் தெரிந்தவர்கூட அதன் முன் நிற்க முடியாது.

ஓடை தரும் எச்சரிக்கை

தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, நீர்மட்டம் சட்டென உயர்வது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகிய நான்கும் அபாய அறிகுறிகள். நீர் திடீரெனக் குறைந்தாலும் நம்பாதீர்கள். மேலே அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். உடனே கரையேறி மேட்டை நோக்கி ஓடுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். பொருள்களை எடுக்கவும் திரும்பாதீர்கள்.

கூடாரம் அடிக்கும் முன் கரையோர மரக்கிளைகளைக் கவனியுங்கள். காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று பொருள். வன இலாகாவின் அனுமதியும், உடன்வரும் பெரியவர்களும் இல்லாமல் புறப்படாதீர்கள்.

விடிந்ததும் வடக்கே பாருங்கள். கெடாவின் நெல்வயல்கள் பாய் விரித்தாற்போலத் தெரியும். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. மலையடிவாரம்வரை கடல் இருந்தது. கடல் விட்டுச்சென்ற களிமண்ணும், மலைகளிலிருந்து நீர் அரித்து வந்த வண்டலும் சேர்ந்ததே இந்தச் சமவெளி. நமக்குச் சோறு போடும் நிலத்தை உருவாக்கியதும், ஓடையில் சீறி வருவதும் ஒரே மழைநீர்தான்.

அடுத்த முறை ஓடையில் குளிக்க இறங்கும்போது, தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்க்காதீர்கள். மலையுச்சியையும் ஒருமுறை பாருங்கள். அங்கே கருமேகம் சூழ்ந்திருந்தால், கரையிலேயே இருங்கள்.